ஒரே விமானம், ஒரே கோளாறு, இரண்டு விதமான முடிவு: டேக்-ஆஃப் ஆன அடுத்த நிமிடங்களில் காக்பிட்டுக்குள் என்ன நடக்கிறது?

2024 அக்டோபர் 11-ஐ திருச்சிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆயுத பூஜை விடுமுறை. மாலை 5.40 மணிக்கு ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 141 பயணிகள். விமானம் உடனே திரும்பி இறங்கவில்லை. இரண்டரை மணி நேரம் ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தது. டிவியில் நேரலை, மொபைலில் ஃப்ளைட்ரேடார் ஸ்க்ரீன்ஷாட், ஃபேமிலி குரூப்பில் வேண்டுதல்கள். இரவு 8.15 மணியளவில் சக்கரங்களை இறக்கி, எந்த அசம்பாவிதமும் இல்லாமல் தரையிறங்கியது. விமானிகள் 'எமர்ஜென்சி' என்று அறிவிக்கவே இல்லை என்று பிறகு நிறுவனம் விளக்கம் கொடுத்தது.

அன்றைக்கு எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "கோளாறுன்னு தெரிஞ்சதும் ஏன் உடனே இறக்கல?"

பதில் ரொம்ப சிம்பிள். போயிங் 737-ல் எரிபொருளை வானத்திலேயே கொட்டிவிடும் வசதி கிடையாது. ஷார்ஜா வரை போவதற்கான எரிபொருளோடு கிளம்பிய விமானம் கனமாக இருக்கும். திருச்சி ஓடுபாதையின் நீளம் சுமார் 2,500 மீட்டர்தான். அந்தக் கனத்தோடு, ஹைட்ராலிக் பாதி இல்லாமல் இறங்கினால் பிரேக் தாங்குமா, ஓடுபாதை போதுமா என்ற கணக்கு வருகிறது. எனவே பறந்தே எரிபொருளைக் கரைத்தார்கள். விமானம் பறக்கிறது, திரும்புகிறது, சொன்னபடி கேட்கிறது என்றால், வானத்தில் இருப்பதே பாதுகாப்பு.

சிக்கல், விமானம் சொன்னபடி கேட்காதபோதுதான் ஆரம்பிக்கிறது.

முதலில் ஒரு அடிப்படை

விமானத்தைத் திருப்புவதும் ஏற்றி இறக்குவதும் சில அசையும் பலகைகள்தான். இறக்கையின் ஓரத்தில் இருக்கும் எய்லரான் விமானத்தை இடமும் வலமும் சாய்க்கிறது. வாலில் படுக்கை வாட்டில் இருக்கும் எலிவேட்டர் மூக்கைத் தூக்கி இறக்குகிறது. செங்குத்தாக நிற்கும் ரட்டர் மூக்கைப் பக்கவாட்டில் திருப்புகிறது. இதோடு வாலின் படுக்கை இறக்கை மொத்தமாகவே கொஞ்சம் சாயும். அதற்கு ஸ்டெபிலைசர் என்று பெயர். எலிவேட்டரை விடப் பெரியது, பலமும் அதிகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே இதைச் சுற்றித்தான்.

இவை எதுவும் ஒரே ஒரு இணைப்பை நம்பி இருப்பதில்லை. 737-ல் 'ஏ', 'பி', பிறகு ஒரு ஸ்டாண்ட்பை என்று ஹைட்ராலிக் அமைப்புகள். ஏ, பி இரண்டுமே போனாலும் கேபிள் வழியாகக் கை பலத்தால் எய்லரானையும் எலிவேட்டரையும் அசைக்கலாம். பவர் ஸ்டீயரிங் இல்லாத பழைய லாரி ஓட்டுவது போல இருக்கும், அவ்வளவுதான். ஏர்பஸ் ஏ320-ல் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள், பல கம்ப்யூட்டர்கள்.

இருந்தும் டேக்-ஆஃப் ஆன முதல் சில நிமிடங்களை விமானிகள் தனியாகப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. உயரம் என்பது விமானிக்கு நேரம். 35,000 அடியில் மூக்கு திடீரெனத் தாழ்ந்தால் சரிசெய்ய அவகாசம் உண்டு. 2025 அக்டோபர் 30 அன்று கான்குனிலிருந்து நியூவார்க் போன ஜெட்புளூ ஏ320 அப்படித்தான் நடுவானில் திடீரென மூக்கைத் தாழ்த்தியது. பயணிகள் காயமடைந்தார்கள், விமானம் டாம்பாவில் பத்திரமாக இறங்கியது. சூரியக் கதிர்வீச்சு ஒரு கன்ட்ரோல் கம்ப்யூட்டரின் தரவைக் கெடுத்திருக்கலாம் என்று ஏர்பஸ் சொன்னது. நவம்பர் இறுதியில் உலகம் முழுக்கச் சுமார் 6,000 விமானங்களுக்கு அவசர சாஃப்ட்வேர் மாற்றம் நடந்தது. அதில் இந்தியாவில் பறப்பவை 300-க்கும் மேல். அந்த வாரம் உங்கள் ஃப்ளைட் லேட் ஆகியிருந்தால், காரணம் இதுவாகக்கூட இருக்கலாம்.

அதே விஷயம் 2,000 அடியில் நடந்தால்? யோசிக்கக்கூட நேரம் இல்லை. அதனால்தான் பயிற்சியில் வரிசையை மாற்றாமல் மண்டையில் ஏற்றுகிறார்கள்: முதலில் விமானத்தை ஓட்டு, அப்புறம் எங்கே போகிறாய் என்று பார், அதற்கப்புறம் ரேடியோவில் பேசு. கோளாறு என்றால் பட்டனைத் தேடி ஓடக்கூடாது. ஒருவர் ஓட்டணும், இன்னொருவர் செக்லிஸ்ட் படிக்கணும். மிக அவசரமான சில படிகள் மட்டும் மனப்பாடமாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் புத்தகத்தைப் பார்த்துத்தான்.

காகிதத்தில் இது அழகாக இருக்கிறது. நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு, ஒரே விமானத்தின் அடுத்தடுத்த இரண்டு பயணங்கள் நமக்குச் சாட்சியாக இருக்கின்றன.

அக்டோபர் 28, இரவு: தப்பித்த விமானம்

2018. லயன் ஏர் நிறுவனத்தின் புத்தம் புது 737 மேக்ஸ், பாலியின் டென்பசாரிலிருந்து ஜகார்த்தாவுக்குக் கிளம்புகிறது. அன்றுதான் அதன் மூக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சென்சாரை மாற்றியிருந்தார்கள். காற்று எந்தக் கோணத்தில் விமானத்தின் மீது மோதுகிறது என்று அளக்கும் சின்னப் பொருள் அது. இடது பக்கம் போட்ட அந்த சென்சார் 21 டிகிரி தப்பாகக் காட்டியது. அமெரிக்காவில் ஏற்கெனவே பழுதுபார்க்கப்பட்டு வந்த பாகம். தப்பு அங்கேயே நடந்துவிட்டது. டென்பசாரில் பொருத்தியபோதும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தரையை விட்டு எழுந்ததுமே கேப்டனின் கன்ட்ரோல் தடதடவென நடுங்கத் தொடங்கியது. 'விமானம் விழப்போகிறது' என்பதற்கான எச்சரிக்கை அது. வேகம் காட்டும் மீட்டர் இரண்டு பக்கமும் வேறு வேறு. கேப்டன் மூன்றாவது, அதாவது ஸ்டாண்ட்பை மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்து, தன் பக்கம்தான் தப்பு என்று புரிந்துகொண்டு, கன்ட்ரோலைத் துணை விமானியிடம் கொடுத்தார். இதுவரை பாடப்புத்தகம்.

ஃப்ளாப்பை உள்ளே இழுத்ததும் வேறொன்று ஆரம்பித்தது. யாரும் தொடாமலே விமானத்தின் மூக்கு கீழே போனது. துணை விமானி மேலே தூக்கினார். மறுபடி கீழே. மறுபடி தூக்கல்.

இதுதான் எம்காஸ். மேக்ஸ் விமானத்தில் போயிங் புதிதாகச் சேர்த்த ஒரு சாஃப்ட்வேர். மூக்கு அளவுக்கு மீறி உயர்கிறது என்று சென்சார் சொன்னால், ஸ்டெபிலைசரை நகர்த்தி மூக்கைத் தாழ்த்தும். ஒரு தடவைக்கு 2.5 டிகிரி வரை, சுமார் 10 விநாடி. இரண்டு சென்சார் இருந்தும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே நம்பியது. விமானி நிறுத்தினால் ஐந்து விநாடி பொறுத்து, திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும். அப்படி ஒன்று இருப்பதே விமானிகளுக்குச் சொல்லப்படவில்லை. அது எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம் அவர்களுடைய மேனுவலில் இல்லை.

அன்று இரவு காக்பிட்டில் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். டியூட்டியில் இல்லாத, மேக்ஸ் ஓட்டத் தெரிந்த விமானி. பின்னால் இருக்கும் மடக்கு சீட்டில் சும்மா பயணித்தவர். ஓட்டவும் வேண்டாம், செக்லிஸ்ட் படிக்கவும் வேண்டாம், ரேடியோவில் பேசவும் வேண்டாம். வேடிக்கை பார்க்க மட்டும் அவருக்கு நேரம் இருந்தது. மூக்கு ஏன் தாழ்கிறது என்று மூவரும் சேர்ந்து பார்த்ததில், ஸ்டெபிலைசர் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் இரண்டு ஸ்விட்சுகளைக் கேப்டன் அணைத்தார். பிரச்சினை நின்றது. திரும்பப் போட்டுப் பார்த்தார், பிரச்சினையும் திரும்பி வந்தது. அணைத்தார். மீதித் தூரம் முழுக்கக் கையால் சக்கரம் சுற்றி ஸ்டெபிலைசரைச் சரிசெய்து, நடுங்கும் கன்ட்ரோலோடு ஜகார்த்தாவில் இறக்கினார்கள்.

இறங்கியதும் என்ன எழுதினார்கள்? இந்தக் கதையில் என்னை மிகவும் தொந்தரவு செய்வது இந்த இடம்தான். டெக்னிக்கல் லாகில் கேப்டன் பதிவு செய்தது, வேகமும் உயரமும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகவில்லை என்பதையும், ஒரு எச்சரிக்கை விளக்கு எரிந்ததையும். கன்ட்ரோல் முழு நேரமும் நடுங்கியதை எழுதவில்லை. ஸ்டெபிலைசர் ஸ்விட்சை அணைத்துத்தான் விமானத்தைக் காப்பாற்றினோம் என்பதையும் எழுதவில்லை. இன்ஜினியர்கள் எழுதப்பட்டிருந்ததை மட்டும் சரிபார்த்தார்கள். குழாயைச் சுத்தம் செய்தார்கள், கனெக்டரைத் துடைத்தார்கள், தரையில் சோதித்தார்கள். எல்லாம் ஓகே. தப்பான சென்சார் அங்கேயே இருந்தது.

ஆபீஸில் ஷிஃப்ட் மாறும்போது 'ஹேண்டோவர் நோட்' என்று இரண்டு வரி தட்டிவிட்டுக் கிளம்புகிறோமே, அது மாதிரியான இரண்டு வரி.

அக்டோபர் 29, காலை: தப்பிக்காத விமானம்

எட்டு மணி நேரத்துக்குள் அதே விமானம் ஜகார்த்தாவிலிருந்து பங்கால் பினாங் கிளம்பியது. காலை 6.20. கேப்டன் பவ்யே சுனேஜா, வயது 31, டெல்லிக்காரர். 2011-லிருந்து லயன் ஏரில் இருந்தவர், 6,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். துணை விமானி ஹர்வினோ, வயது 41. அன்றைய டியூட்டி அவருக்கு முதலில் இல்லை. அதிகாலை 4 மணிக்கு போன் வந்து எழுந்து வந்தவர். கேப்டனுக்குக் காய்ச்சலோடு சளி. காக்பிட் குரல் பதிவில் அவர் திரும்பத் திரும்ப இருமுவது கேட்கிறது. இவை எல்லாம் இந்தோனேசிய விசாரணை ஆணையத்தின் இறுதி அறிக்கையில் இருக்கின்றன.

முந்தைய இரவு நடந்த அதே வரிசை. எழுந்ததும் நடுக்கம். மீட்டர்கள் முரண். கேப்டன் துணை விமானியிடம் 'வேகம் நம்பகமில்லை' செக்லிஸ்ட்டைக் கேட்கிறார். அதன் முதல் படிகள் மனப்பாடமாக இருக்க வேண்டியவை. புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுக்க நாலு நிமிடம் ஆனது. மொத்தப் பயணமே 11 நிமிடத்துக்குச் சற்று அதிகம்தான் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த நாலு நிமிடத்தின் அளவு புரியும்.

ஃப்ளாப்பை உள்ளே இழுத்ததும் எம்காஸ் விழித்தது. நடுவில் ஃப்ளாப்பைத் திரும்ப வெளியே விட்டார்கள், எம்காஸ் நின்றது. ஏனென்றால் ஃப்ளாப் வெளியே இருந்தால் அது வேலை செய்யாது. ஆனால் அது இவர்களுக்குத் தெரியாதே? கொஞ்ச நேரத்தில் மறுபடி உள்ளே இழுத்தார்கள், அது மறுபடி வந்தது. விடை கைக்கு வந்து, விடை என்று தெரியாமலே நழுவிப் போன தருணம் அது.

கருப்புப் பெட்டியின் கிராஃபைப் பார்த்தால் இசிஜி மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் கீழே, கேப்டன் மேலே, கம்ப்யூட்டர் கீழே, கேப்டன் மேலே. 20 தடவைக்கும் மேல் சுனேஜா அதைச் சமாளித்தார். ஒரு தவறான சென்சாருக்கு எதிராக ஒரு மனிதன் நிமிடக்கணக்கில் சரியாக வேலை செய்திருக்கிறார் என்பதுதான் அந்த கிராஃப் சொல்வது. கடைசியில் கன்ட்ரோலைத் துணை விமானியிடம் கொடுத்துவிட்டார். இத்தனை நேரம் கட்டைவிரலால் விடாமல் மேலே தூக்கிக்கொண்டே இருந்தேன் என்பதை அவர் சொல்லவில்லை. ஹர்வினோ தூக்கினார், ஆனால் சின்னச் சின்ன அழுத்தங்களாக. எம்காஸ் ஒவ்வொரு முறையும் அதைவிட அதிகமாகக் கீழே இழுத்தது. 6.32-க்கு ஜாவா கடலில் விழுந்தது. 189 பேர்.

"முந்தின நாள் விமானிகள் திறமைசாலிகள், இவர்கள் இல்லை" என்று அமெரிக்காவில் சிலர் பேசினார்கள். வளரும் நாட்டு விமானிகள் என்றால் இப்படி ஒரு பேச்சு வரத்தான் செய்யும். ஆனால் 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் விமானம் 302-ன் விமானிகள், போயிங் புதிதாக வெளியிட்ட வழிமுறை தெரிந்து, அந்த இரண்டு ஸ்விட்சுகளையும் அணைத்தார்கள். அதற்குள் விமானம் அதிக வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. வாலில் காற்றின் அழுத்தம் அவ்வளவு. கைச்சக்கரத்தைச் சுற்ற முடியவில்லை. வேறு வழியில்லாமல் மின்சாரத்தைத் திரும்ப இணைத்தார்கள், எம்காஸும் திரும்ப வந்தது. கிளம்பிய ஆறு நிமிடத்தில் 157 பேர்.

இந்த வகைக் கோளாறு வந்தால் விமானி நாலு விநாடிக்குள் சரியாகச் செயல்படுவார் என்பதுதான் சான்றிதழ் கணக்கில் இருந்த அனுமானம். போயிங்கின் சொந்த டெஸ்ட் பைலட் ஒருவருக்கு 2012-ல் சிமுலேட்டரில் 10 விநாடிக்கு மேல் ஆனது என்பதும், அது பேரழிவில் முடியும் என்று அப்போதே பதிவாகியிருந்ததும் அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரணையில் வெளியே வந்தன. டெஸ்ட் பைலட்டுக்கே 10 விநாடி. அலாரம் நாலு பக்கமும் கத்தும்போது, காய்ச்சலோடு இருப்பவருக்கு நாலு விநாடி.

மேக்ஸ் 20 மாதம் தரையில் நின்றது. இன்று அந்த சாஃப்ட்வேர் இரண்டு சென்சாரையும் பார்க்கிறது, இரண்டும் முரண்பட்டால் செயல்படாது, ஒரு நிகழ்வுக்கு ஒரு முறைதான் தலையிடும். சிமுலேட்டர் பயிற்சி கட்டாயம். இந்தியாவில் 2021 ஆகஸ்டில் தடை நீங்கியது. ஆகாசா ஏர் முழுக்க இந்த விமானங்களோடுதான் தொடங்கியது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் ஓட்டுகிறது. பயப்பட ஒன்றும் இல்லை என்பதே என் கருத்து. இவ்வளவு நுணுக்கமாகக் கிழித்துப் பார்க்கப்பட்ட கன்ட்ரோல் சாஃப்ட்வேர் வேறு எதுவும் இருக்குமா தெரியவில்லை.

கன்ட்ரோலே தலைகீழானால்?

அந்த விபத்து நடந்து இரண்டே வாரம். 2018 நவம்பர் 11. லிஸ்பன் பக்கத்தில் பராமரிப்பு முடிந்து, பயணிகள் இல்லாமல் ஆறு பேரோடு கிளம்பியது ஏர் அஸ்தானாவின் எம்பரேர் விமானம். மூவர் விமானிகள், மூவர் டெக்னீஷியன்கள். மேலே எழுந்த மறுநிமிடமே விமானம் கன்னாபின்னாவென்று உருளத் தொடங்கியது. காரணம், எய்லரான் கேபிள்களை மாற்றி மாட்டியிருந்தார்கள். வலது பக்கம் திருப்பினால் எய்லரான் இடது பக்கம் சாய்க்கப் பார்க்கும். ஆனால் இறக்கை மேல் இருக்கும் ஸ்பாய்லர்கள் கம்ப்யூட்டர் வழியாக இயங்குபவை, அவை சரியாகவே கேட்டன. ஒன்று இழுக்க, ஒன்று தள்ள. 'கேபிள் மாறியிருக்கிறது' என்று சொல்லும் எச்சரிக்கை எதுவும் இல்லை, ஏனென்றால் கம்ப்யூட்டருக்கே அது தெரியாது.

ஒரு கட்டத்தில் கடலிலேயே இறக்கிவிட வழி கேட்டார்கள். அந்த நிலையிலிருந்து அவர்கள் செய்தது, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தது. கம்ப்யூட்டரின் கூடுதல் தலையீட்டை அகற்றும் 'டைரக்ட்' முறைக்கு மாற்றினார்கள். உருளல் நிற்கவில்லை, ஆனால் அடங்கியது. உயரம் ஏறினார்கள். போர்ச்சுகல் விமானப்படையின் எஃப்-16 விமானங்கள் கூட வந்து, வானிலை தெளிவாக இருந்த பேஜா தளத்துக்கு வழிகாட்டின. இரண்டு முறை இறங்க முயன்று கைவிட்டார்கள். மூன்றாவது முறை இறங்கினார்கள், குறிவைத்த ஓடுபாதையில் இல்லை, பக்கத்தில் இருந்த இன்னொன்றில். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ஆறு பேரும் உயிரோடு. விமானம் தாங்கிய விசையில் இனி பறக்க லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டது.

இங்கேயும் பாதி தப்பு ஹேங்கரில் நடந்தது. கன்ட்ரோல் கோளாறு என்று ஒரு செய்தி திரையில் வந்து, நாள்கணக்கில் அதன் மூலத்தைத் தேடியிருக்கிறார்கள். கேபிளை யாரும் சந்தேகப்படவில்லை. கிளம்பும் முன் விமானிகள் கன்ட்ரோலை அசைத்துச் சோதித்தபோதும், எய்லரான் எதிர்த்திசையில் போவது பிடிபடவில்லை.

காக்பிட்டில் எத்தனை பேர்?

மூன்று சம்பவங்களையும் வரிசையாக வைத்தால் ஒரு எண் உறுத்துகிறது. தப்பித்த லயன் ஏரில் மூன்று விமானிகள். ஏர் அஸ்தானாவில் மூன்று. 2010 நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய குவான்டாஸ் ஏ380-ன் இன்ஜின் வெடித்து, ஹைட்ராலிக், எரிபொருள், கன்ட்ரோல் என எச்சரிக்கைகள் திரையில் குவிந்தபோது காக்பிட்டில் ஐந்து பேர். இது புள்ளியியல் ஆதாரம் இல்லை, மூன்று சம்பவத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனாலும், கை ஓயாமல் வேலை செய்யும் இருவருக்கு நடுவே, சும்மா இருந்து யோசிக்கும் ஒரு மூளைக்கு என்ன மதிப்பு என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

இந்த நேரத்தில் உலகம் யோசித்துக்கொண்டிருப்பது எதிர்த்திசையில். நீண்ட பயணங்களின் நடுப்பகுதியில் ஒரே ஒரு விமானி போதுமா என்று விமானத் தயாரிப்பாளர்கள் ஆராய்கிறார்கள். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2025-ல் வெளியிட்ட ஆய்வு, இன்றைய காக்பிட்டில் இரண்டு பேர் இருப்பதற்கு இணையான பாதுகாப்பை ஒருவரால் தர முடியும் என்று நிரூபிக்க முடியவில்லை என்று சொல்லி, இப்போதைக்குக் கதவைச் சாத்தியிருக்கிறது.

நம் ஊரில் கேள்வி எத்தனை பேர் என்பதல்ல. இருக்கும் இருவரும் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பது. அதிகாலை 4 மணி போன், சளியோடு டியூட்டி: இது இந்தோனேசியாவில் மட்டும் நடப்பதா என்று எந்த இந்திய விமானியிடமும் கேட்டுப் பாருங்கள். விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கி, இரவுத் தரையிறக்கத்தை வாரத்துக்கு 6-லிருந்து 2 ஆகக் குறைக்கும் விதிகளின் இரண்டாம் கட்டம் 2025 நவம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. அதற்குத் தயாராகாத இண்டிகோ டிசம்பர் முதல் வாரத்தில் சரிந்தது. டிசம்பர் 5 அன்று மட்டும் 1,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. ஏர்போர்ட்டில் சூட்கேஸ் மலைகள், கோபம், மீம்ஸ். கூட்டத்தில் நீங்களும் நின்றிருக்கலாம். பதிலுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் செய்தது, இரவு டியூட்டி தொடர்பான சில விதிகளிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10 வரை விலக்கு அளித்தது. விடுப்பை வார ஓய்வுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற விதியையும் திரும்பப் பெற்றது.

பயணிகளின் அவதி உண்மைதான். ஆனால் அந்த வாரம் நடந்த விவாதங்களில் எல்லாம் ரீஃபண்ட் பற்றியும் டிக்கெட் விலை பற்றியும்தான் பேச்சு. விலக்கு எதிலிருந்து கொடுக்கப்பட்டது என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. அது கொடுக்கப்பட்டது, இரண்டாவது இரவைத் தாண்டி மூன்றாவது இரவும் தரையிறக்கும் ஒருவரின் தூக்கத்திலிருந்து.